இரண்டாம் சேம்பரில் நின்றவர்

1. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

தேனியில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, பிளாண்ட் இன்சார்ஜாக ஓய்வு பெற்றவன் நான். அம்மோனியா கம்ப்ரஸர், சேம்பர் என்று நாங்கள் சொல்லும் நான்கு குளிர் அறைகள், கம்பம் பக்கத்துத் திராட்சை, மூட்டை மூட்டையாகப் புளி. இதுதான் என் உலகம். பேய், பிசாசு என்று யாராவது பேசினால் சிரிப்பேன். அம்மோனியா லீக்கை விடப் பெரிய பேயை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட என்னையே தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை பயமுறுத்திவிட்டது. என் அறைக் கதவின் மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் அசையாமல் நின்றது. தட்டவில்லை, கூப்பிடவில்லை. நான் டீ குடித்து முடித்து நிமிர்ந்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி இருந்தார்.

"யாருய்யா நீங்க? கதவு சும்மாதான சாத்திருக்கு. தள்ளிட்டு வர வேண்டியதுதான?"

"பரமன், ஐயா. மொதலாளி வரச் சொன்னாக."

முந்தின நாளே முதலாளி அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். காமயகவுண்டன்பட்டிக்காரர். கிணற்றுத் தண்ணீர் முறைக்காக வந்த சண்டையில் சித்தப்பா மகனை வெட்டிக் கொன்றுவிட்டு, பதினான்கு வருஷம் ஜெயிலில் இருந்து வெளியே வந்தவர். சொந்தக்காரர்கள் ஊருக்குள் கால் வைக்க விடவில்லை. இந்த வேலையும் இல்லையென்றால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

"நீ என்னப்பா சொல்ற, செல்வராசு?" என்று முதலாளி அப்போதே என்னைக் கேட்டார்.

"தண்டனைய அனுபவிச்சுட்டு வந்துட்டாரு. நாம வேற தனியா ஒண்ணு குடுக்கணுமாண்ணே?" என்றேன்.

"சரி, எடுத்துக்க. ஆனா ஒரு பிராது வந்துச்சுன்னாலும் அனுப்பிருவேன். எனக்கும் நாலு பேரு சரக்கு வைக்க வரணும்ல."

2. ஜோடி இல்லாத ஆள்

எங்கள் லோடுமேன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்துதான் கிரேட் பெட்டிகளைத் தூக்குவார்கள். வேலை முடிந்து சேம்பரை அடைக்கும்போது அவரவர் தம் ஜோடியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

பரமனோடு ஜோடி சேர ஒருவரும் வரவில்லை. மேஸ்திரி சின்னச்சாமி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "கொலைகாரனோட தோள் சேத்து தூக்கச் சொல்றீகளா? எங்க பொண்டாட்டிமாரு வேலைக்கே விடமாட்டாளுக." அதனால் பரமன் தனியாகத் தூக்கக்கூடிய சின்னப் பெட்டிகளை மட்டும் தூக்கினார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் நடமாடும் விதம்தான் எல்லோரையும் கலக்கியது. திறந்த கதவாக இருந்தாலும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். யாராவது "போ" என்றால்தான் உள்ளே போவார். நான் சாவிக்கொத்தை எடுத்தால் போதும், எங்கே இருந்தாலும் சுவரோரமாகப் போய் விறைப்பாக நின்றுவிடுவார். சேம்பருக்குள் பனிமூட்டம் நடுவே, பெட்டி வரிசையின் கடைசியில், அவர் அப்படி நிற்பதைப் பார்த்து எனக்கே பலமுறை உடம்பு சிலிர்த்திருக்கிறது.

லோடுமேன்கள் அதற்கு ஒரு கதை கட்டிவிட்டார்கள். "வாசல்ல எதுக்கு நிக்கிறான் தெரியுமா சார்? வெட்டுப்பட்டவன் முன்னால போறான். இவன் வழி விடுறான்." நான் சத்தம் போட்டு அடக்கினேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் வாசலில் நிற்கும்போதெல்லாம் என் கண் அவருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்துக்குத்தான் போயிற்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது.

3. மணி அடிக்கவில்லை

திராட்சை சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டாம் சேம்பரை அடைத்தார்கள். லைட் சுவிட்ச் வெளியேதான் இருக்கும், அதையும் அணைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பரமனைக் காணவில்லை.

"ஓடிட்டான்" என்றார் மேஸ்திரி. "குமுளி லாரி அங்கனதான் நின்னுச்சு. ஏறிப் போயிருப்பான். இந்நேரம் மலையாளத்தானுக்கு டீ ஆத்திக்கிட்டிருப்பான்."

முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "நீ சொன்னியேன்னுதான எடுத்தேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, பரமன் மேல்தான்.

சேம்பருக்குள் இருப்பாரோ என்று யாருக்கும் தோன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சேம்பர் கதவை வெளியே அடைத்தாலும், உள்ளே இருக்கும் சேஃப்டி ராடைத் தள்ளினால் திறந்துகொள்ளும். பக்கத்திலேயே மணியும் உண்டு. இரண்டும் இருட்டில் பச்சையாக ஒளிரும். முதல் நாளே அவருக்கு இரண்டையும் காட்டியிருந்தேன், தலையாட்டினார். மணி அடிக்கவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை என்பதுதான் எங்கள் கணக்கு.

டெம்பரேச்சர் பார்ப்பதற்காக நான் இரண்டாம் சேம்பரைத் திறந்தேன். வெண்புகை காலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அது விலகியதும், என் முகத்துக்கு நேராக, எட்டித் தொடும் தூரத்தில் ஒரு முகம்.

நான் போட்ட சத்தம் கம்ப்ரஸர் ரூம் வரை கேட்டிருக்கிறது.

பரமன் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கைகளை முன்னால் கட்டியிருந்தார். உதடு கறுத்து, புருவமெல்லாம் நீர் முத்தாக இருந்தது. சாத்தியிருந்தபோது அவர் மூக்குக்கு நேரே இருந்த சேஃப்டி ராடு, திறந்த கதவில் இன்னும் பச்சையாக மின்னியது. கண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தது.

"ஒண்ணு" என்றார். வரிசையில் நிற்கிற ஆள் எண்ணிக்கை கொடுக்கிற குரல் அது. அப்புறம் அப்படியே என் மேல் சாய்ந்தார்.

4. சாத்திய கதவு

கம்பளியில் சுருட்டி, வெந்நீர் கொடுத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்யா தள்ளல? ராடு மூக்குக்கு நேரதான இருந்துச்சு?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "சாத்துன கதவ நாம தொறக்கலாமாய்யா? சாத்துனவுக வருவாகல்ல."

வாசலில் நின்றதும், சாவியைக் கண்டு விறைத்ததும், 'ஒண்ணு' என்றதும் எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினான்கு வருஷம் ஜெயிலில் ஒரு கதவைக்கூட அவர் கை திறந்ததில்லை. செத்தாலும் திறந்திருக்க மாட்டார்.

வெளியே லோடுமேன்களோடு நின்ற முதலாளி பயந்துபோயிருந்தார். "இவன் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான், அது சரி. உள்ள செத்துப் போனான்னா நம்மளையில்ல கொண்டு போயி உள்ள வப்பாக? அனுப்பிரு செல்வராசு."

அப்போது மேஸ்திரி சின்னச்சாமி முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டு கையில் இருந்தது. "அடைக்கையில எல்லாம் அவனவன் ஜோடியக் கூப்பிட்டான் மொதலாளி. இந்தாளு பேர யாரு கூப்பிடுவா? நாங்கதான் ஜோடி குடுக்கலயே. இனி எனக்கு ஜோடி இவருதான். கூப்பிட்டு வெளிய கொண்டாறது என் பொறுப்பு." முதலாளி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "கதவத் தொறக்கப் பழக்கிட்டு உள்ள விடுங்க" என்றார்.

அது லேசில் நடக்கவில்லை. நான்காம் சேம்பர் காலியாக இருந்தது. மெஷினை நிறுத்தி, லைட்டைப் போட்டுவிட்டு, தினமும் காலையில் பரமனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவோம். நானும் மேஸ்திரியும் வெளியே நிற்போம். அந்தக் கதவு அரை முழம் கனம். உள்ளே இருப்பவர் மூச்சுகூடக் கேட்காது. அங்கே ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிடும். "தொறந்துருவமா சார்?" என்று மேஸ்திரி கிசுகிசுப்பார். கடைசியில் நான்தான் திறப்பேன். விட்ட இடத்திலேயே கைகட்டி நிற்பார்.

ஒரு காலை, ராடு "டக்" என்றது. கதவு மெல்ல விலகியது. முதலில் நான்கு விரல்கள் மட்டும் வெளியே வந்து, கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றன. பிறகு முகம் வந்தது.

"நானே தொறந்துட்டேன்யா" என்றார் பரமன். அவர் உடம்பு வெடவெடவென்று ஆடியது. "இப்ப யாருகிட்டப் போயிச் சொல்லணும்?"

"ஒருத்தருகிட்டயும் சொல்ல வேணாம்ப்பா" என்று மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் ஓய்வு பெறும்வரை பரமன் அங்கே வேலை பார்த்தார். ஜெயிலுக்குப் போய் வந்தவரை வேலைக்கு எடுக்கலாமா என்று இன்றைக்கும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் எடுத்த அன்றைக்கே ஒரு ஜோடியைப் போடுங்கள். அவர் எங்களை என்ன செய்வாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பயத்தில்தான் அவரை இருட்டுக்குள் மறந்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.