சோபியாவின் இடுப்பில் கட்டிய கல்

விழாவுக்கு வரவில்லை என்று அல்போன்சா டீச்சர் மூன்று தடவை சொல்லியாயிற்று. நான்காவது தடவை சொல்ல வாயெடுப்பதற்குள் சுஜிதா ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், நூறு பேரு வந்திருக்காவ! மெட்ராஸ்ல இருந்துகூட வந்திருக்காவ. நீங்க வரலன்னா நான் எங்கன போயி முட்டிக்கிட?"

சுஜிதா துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பழைய காமிக்ஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். 'சூறாவளி சோபியா'வின் அறுபத்திரண்டு அட்டைப்படங்களையும் தேடிப்பிடித்து, அவற்றை வரைந்த மறைந்த ஓவியர் பவுலுக்கு ஒரு கேடயமும் செய்துவிட்டாள். அதை வாங்கத்தான் பவுலின் மனைவி அல்போன்சாவை அழைக்கிறாள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. பவுல் சங்கு குளித்தவர். கடலடியில் சேற்றுக்குள் கிடக்கும் சங்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பென்சிலைக் கொடுத்தால் கடப்பாரை மாதிரிப் பிடிப்பார். அறுபத்திரண்டையும் வரைந்தது அல்போன்சா.

அந்தக் காலத்தில் அவர் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் ஓவிய டீச்சர். அச்சகத்திலிருந்து வெளிநாட்டுப் படக்கதைகள் வரும். துப்பாக்கியும் தொடை வரை பூட்ஸும் காற்றில் பறக்கும் முடியுமாக கதாநாயகி சோபியா விமானத்திலிருந்து குதிப்பாள், முதலையின் வாயைக் கட்டுவாள், உதட்டுச் சாயம் மட்டும் அழியாது. அவளுக்கு நம் ஊருக்கு ஏற்றபடி கொஞ்சம் துணி சேர்க்க வேண்டும், புதிதாக அட்டை போட வேண்டும். அல்போன்சா துணி சேர்த்தார். ஆனால் அந்தத் துணியில் சோபியா முன்னைவிட ஜோராக இருந்தாள். இப்படிப் படம் வரைகிறவள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமா என்று யாராவது கேட்டால் வேலை போய்விடும். அதனால் மூலையில் 'பவுல்' என்று போட்டார். படங்களைச் சுருட்டி அச்சகத்துக்குக் கொண்டுபோனதும் பவுல்தான்.

ஒரே ஒரு தடவையாவது தன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று அல்போன்சாவுக்கு நாற்பது வருட ஆசை. ஆனால் பவுல் இறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊரே அவருக்காகக் கைதட்ட வரும் நாளில், அவர் பெயரை மேடையில் வைத்து அழிப்பதா? வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடலாம் என்று முடிவு செய்து ஆட்டோவில் ஏறினார். துணைக்கு, இந்த ரகசியம் தெரியாத அண்ணன் அமலனும் ஏறிக்கொண்டார்.

அரங்கில் உட்கார இடமில்லை. திரையில் சோபியா ஒவ்வொருத்தியாக வரவர விசில் பறந்தது. தன் கோடுகள் அவ்வளவு பெரிதாக ஒளிர்வதை அல்போன்சா முதல்முறையாகப் பார்த்தார்.

"இதுதான் எல்லாரையும் கிறங்கடிச்ச படம்," என்றாள் சுஜிதா மைக்கில். பனிமலை ஏரிக்குள் சோபியா பாய்ந்துகொண்டிருந்தாள். "மூலத்துல இவ முதுகுல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். பவுல் சார் அதைத் தூக்கிட்டு, நம்ம முத்துக்குளிக்கிற ஆளு மாதிரி இடுப்புல கல்லைக் கட்டி இறக்கிட்டாரு!"

கைதட்டல் அடங்கும் முன் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. அமலனுக்குக் கடலில் முங்கி முங்கிக் காது போய்விட்டது. அவர் ரகசியம் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஏளா அல்போன்சா! என்னளா இது, கல்ல இடுப்புல கெட்டியிருக்கு? இவ திரும்பி வரவா போறா? செத்துருவாளே!"

அரங்கு சிரித்தது.

"சிரிக்காதிய! கல்லு மேல கால வச்சுத்தான் எறங்கணும். அடியில போனதும் கால எடுத்துரணும், தோணியில நிக்கிறவன் கயித்தால கல்ல இழுத்துக்கிட்டு, அப்புறம் முங்குனவனையும் தூக்குவான். பவுல் மச்சானுக்கு இருவது வருசம் நான்தான் கயிறு புடிச்சேன். அவரு இப்படி வரைவாரா? கரையில குந்திக்கிட்டுக் கடலப் பாத்த எவளோ..."

அமலனின் வாய் அப்படியே நின்றது. மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

"ஏளா... நீயா?"

அல்போன்சாவுக்கு அந்தப் பழைய மத்தியானம் ஞாபகம் வந்தது. மை காயாத இந்தப் படத்தைப் பார்த்துப் பவுல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெட்கத்தில் அழிக்க வெள்ளை பெயிண்டை எடுத்த அல்போன்சாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காத. கடல்ல முங்குன எவனாவது ஒருநாள் பாப்பான். இது பவுல் போட்டதில்லன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும். அன்னைக்கு நீ சொல்லிரு."

அதைக் கேலி என்றுதான் அல்போன்சா இத்தனை வருடமும் நினைத்திருந்தார்.

எழுந்தார். மேடையேறி மைக்கை வாங்கினார். "அண்ணன் சொன்னது சரி. அந்தக் கல்லைத் தப்பாக் கெட்டுனது நான்தான். அறுபத்திரண்டு சோபியாவும் நான் போட்டது."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "இதை எப்படி நம்புறது?" என்றார்.

"ஒரு மார்க்கர் குடுளா," என்றார் அல்போன்சா சுஜிதாவிடம்.

பலகையில் தாள் இருந்தது. முடி பறந்தது, தாடை நிமிர்ந்தது, பூட்ஸ் உதைத்தது. ஏழாவது கோட்டில் சோபியா அவர்களை நோக்கிப் பாய்ந்து வந்தாள். நாற்காலிகள் சரிந்து விழ, எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். எழுபது வயது அல்போன்சாவுக்குத் தானும் விமானத்திலிருந்து குதித்துவிட்டது போல இருந்தது.

முதல் கையெழுத்து சுஜிதாவுக்கு. அதே பனிமலை ஏரி அட்டை. 'அல்போன்சா' என்று முழுசாக எழுதினார். பேனாவை எடுக்காமல் யோசித்துவிட்டு, அதன் கீழே 'கயிறு: பவுல்' என்று எழுதினார்.

எட்டிப் பார்த்த அமலன் வழக்கம்போல் ஊருக்கே கேட்கச் சொன்னார்: "கயிறு முங்குறவன் பொண்டாட்டிகூடப் பொறந்தவன்லா புடிக்கணும்? தங்கச்சி தாலிக்குப் பயந்து அவன்தான கவனமாப் புடிப்பான்?"

"எனக்கு அவருதான் புடிச்சாரு, அண்ணே," என்று அல்போன்சாவும் அவர் காதுக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.