சோளத் துளிர் தின்ற பசு

பசுவின் வாயிலிருந்து நுரை கோடாக வடிந்துகொண்டிருந்தது. கால்கள் இழுத்துக்கொண்டன. அதன் தலையை மடியில் தாங்கியிருந்த மதினியின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எமர்ஜென்சி நீங்கிய வருஷத்து ஐப்பசி அது. தேனிக்குக் கிழக்கே எங்கள் மானாவாரிக் காட்டில் ஆடியில் விதைத்த சோளம், மழையில்லாமல் முழங்கால் உயரத்திலேயே கருகி நின்றது. பிறகு விழுந்த ஒரு தூறலில் தூரெல்லாம் பச்சையாகத் துளிர்த்துவிட்டது.

மதினி கூடலூர்க்காரர். வாய்க்கால் பாயும் அந்த ஊரில், அறுத்த நெல்தாள் துளிர்த்தால் மாடுகள் மேயும். அந்தப் பழக்கத்தில் சோளத் துளிரையும் ஒரு கை அறுத்துப் போட்டுவிட்டார். அது அவருடைய அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த பசு, சினையாக இருந்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில் அவர் மனம்விட்டுப் பேசியது அதனிடம்தான்.

“ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவளுக்குச் சோளத்தப் பத்தி என்ன தெரியும்!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஏலே, நின்னு பாக்காத. மாட்டு டாக்டரக் கூட்டியா!”

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நான் தேனிக்கு சைக்கிளைத் திருப்பினேன். அங்கேதான் என் போட்டோ ஸ்டூடியோவும் இருந்தது. விஷயத்தைக் கேட்டு அலமாரியைத் திறந்த டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று. “முறிவு மருந்து தீந்துபோச்சே. உங்க ஸ்டூடியோவுல ஹைப்போ இருக்குமுல்ல? அதே உப்புதான்.”

“படம் கழுவுறதை மாட்டுக்கா?”

“வேற வழி இருந்தாச் சொல்லுங்க.”

ஹைப்போ டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். போய்ச் சேரும்போது பசுவுக்கு உயிர் இருக்குமா, இருந்தாலும் என் உப்பே அதைக் கொன்றுவிடுமா என்ற நினைப்புதான் வழியெல்லாம்.

“வழி விடுங்கப்பா, டாக்டரு வந்துட்டாக!” என்றாள் அம்மா. அவர் உப்பைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வடிகட்டி, கழுத்து நரம்பில் ஏற்றினார்.

“மருந்தே அடிக்காத பயிருங்க டாக்டரு,” என்று மதினி விம்மினார்.

“பயிரு தானாச் செய்யுற விஷம்மா. வாடுனா இன்னும் கூடும். இலைக்குள்ள ரெண்டு சரக்கு தனித்தனியா இருக்கும். மாடு மெல்லும்போது ஒண்ணாச் சேந்து விஷமாகிரும்.”

அந்த இரண்டில் ஒன்று நொதி என்று பின்னாளில் படித்தேன். மற்றொன்றான விஷச் சரக்கை முதலில் உருவாக்கவும் வேறு நொதிகள் உண்டு. அவற்றில் சிலவும், செடியை வளர்க்கும் ஊக்கிகளைச் செய்யும் நொதிகள் சிலவும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த பங்காளிகளாம். மேயவரும் வாய்களுக்குத் தப்பிப் பிழைக்க, செடிகள் யுகக்கணக்கில் சேர்த்துவைத்த சொத்து அது. படித்தபோது வியப்பைவிடக் கலக்கமே மிஞ்சியது. வளர வைப்பதும் கொல்வதும் ஒரே குடும்பம் என்றால், ஒரு பசுந்துளிரைப் பார்த்து எதை நம்புவது?

வெயில் இறங்கும் நேரத்தில் பசு தள்ளாடி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் தாடை அசைந்தது, அசைபோடத் தொடங்கிவிட்டது. “பொழச்சிருச்சுடி!” என்று அம்மா கத்தினாள். மதினியோ பாய்ந்து போய் இரண்டு கைகளாலும் அதன் வாயை இறுக்கி மூடினார்.

“மெல்லாத ஆத்தா, மெல்லாத!”

“விடும்மா, அசைபோட்டாத்தான் பொழச்சதுன்னு அர்த்தம்,” என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மதினி காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் அம்மாதான் அருகில் போய் உட்கார்ந்து, மதினியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.