மாப்பிள்ளை சொன்ன மெயில் ப்ரோகிராம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறவளிடம் எல்லோரும் ஆலோசனை கேட்பார்கள். கேட்டுவிட்டு வேறு யாரோ சொன்னதைச் செய்வார்கள். சிக்கலானதும் அவளிடமே திரும்பி வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, போன தசராவில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

ஏசி ரூம் ஆலோசனை

தேவராஜ மொஹல்லாவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை என்னுடையது. பதினான்கு வருடமாக நான்தான் முதலாளி, நான்தான் மெக்கானிக். ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் "சார் இல்லையா?" என்று என் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். மாதப்பண்ணனும் பார்த்தார். கௌதள்ளி கிராமத்துக்காரர்; இரண்டு தெரு தள்ளி ஊதுபத்தி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கப் போகிறார். அதில் மெயிலுக்கு எந்த ப்ரோகிராம் போடுவது என்று கேட்க வந்திருந்தார்.

அவர் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வருட மெயில் பழைய கம்ப்யூட்டருக்குள் ஒரே ஃபைலில் கிடந்தது, வேறெங்கும் இல்லை. எந்த ஊர்க்காரருக்கு எந்த மணம், சந்தனம் எத்தனை பங்கு, மட்டிப்பால் பிசின் எத்தனை பங்கு என்று பேசி முடித்ததெல்லாம் அதற்குள்தான். தனியாக ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. பழைய ப்ரோகிராம் புதிய கம்ப்யூட்டரில் ஓடாது; அந்த ஃபைலைத் திறக்கத் தெரிந்த வேறொன்றைத்தான் போட வேண்டும் என்று சொல்லி, பெயரையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் எதிரிலேயே பெங்களூரு மாப்பிள்ளைக்கு போன் போட்டார். மாப்பிள்ளை வேறு பெயர் சொன்னார். கம்ப்யூட்டரைக் கண்ணாலேயே பார்க்காதவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டேன்.

"நீங்க சொல்றதும் சரிதானுங்க அம்மணி. ஆனா மாப்பிள்ளை ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டுச் சொல்றாருங்களே!"

சேல்ஸ்மேனின் சமாதானம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புதிய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. விற்ற கடையின் சேல்ஸ்மேன், மாப்பிள்ளை சொன்ன ப்ரோகிராமையே போட்டிருந்தார். திறந்து பார்த்தேன். அந்த வாரம் வந்த ஏழெட்டு மெயில்கள் மட்டும் இருந்தன. அதற்கு முந்தையது ஒன்றும் இல்லை. பழைய ஃபைலை இது திறக்குமா என்று கேட்டால், எந்த ஃபைல் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். விற்பது இவர்கள், வசவு வாங்குவது நாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் சமாதானம் சொன்னார்.

"சும்னே யாக்கே டென்ஷன் மேடம்? மெயில் வருது, மெயில் போகுது. அஷ்டே, அவ்ளோதான்!"

ஓய்வெடுக்கும் கம்ப்யூட்டர்

ஃபைலையாவது தனியே எடுத்து வைத்துவிடலாம் என்று மறுநாள் காலையில் ஹார்டு டிஸ்கோடு போனேன். பழையதற்கும் புதியதற்கும் செவ்வந்தி மாலை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார்கள். கீபோர்டின் மேல் எலுமிச்சம்பழம். ஸ்விட்சைத் தொடப் போன என் கையை மாதப்பண்ணன் பதறிப்போய்த் தடுத்தார். ஆயுத பூஜையன்று ஆயுதத்தை ஓட்டக் கூடாதாம். சரி, நாளைக்கு வருகிறேன் என்றேன். நாளை விஜயதசமி, விடியற்காலை நல்ல நேரத்தில் புதியதை விற்ற கடைக்காரர்கள் பழையதைத் தூக்கிப் போய்விடுவார்களாம்.

தொண்டை வறளக் கத்தினேன். உங்கள் பன்னிரண்டு வருடத் தொழில் அதற்குள் இருக்கிறது, தீபாவளி ஆர்டர் வரும்போது என்ன செய்வீர்கள் என்றேன். மெயிலெல்லாம் இன்டர்நெட்டில் பத்திரமாக இருக்கும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டாராம். பொரியும் கடலையும் ஒரு தட்டில் என் முன்னால் வந்தன.

"வருசம் பூரா உழைச்சதுங்க, இன்னிக்கு ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். நீங்க பொரி சாப்பிடுங்க அம்மணி."

கடைசியில் பட்டன் அமுக்கியது

விஜயதசமியன்று மத்தியானம் மாதப்பண்ணன் ஓடிவந்தார். மலேசியாவிலிருந்து தீபாவளி ஆர்டர் வந்திருந்தது. 'போன வருடம் அனுப்பிய அதே மணம்' என்று ஒரே வரி. போன வருடம் நான்கு தடவை சாம்பிள் அனுப்பி, நான்கு தடவை பங்கை மாற்றி, கடைசியில் எது முடிவானது என்பது மெயிலில்தான் இருந்தது. புதிய ப்ரோகிராமில் அந்த மெயில் இல்லை. அந்த ஆர்டர் போனால் உள்ளே உட்கார்ந்து பத்தி உருட்டும் இருபது பெண்களுக்கு வேலையில்லை என்றார். சொன்னேனே என்று கத்தத்தான் வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

கம்ப்யூட்டர் விற்ற கடையின் பின்கட்டில் முப்பது பழைய கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருந்தன. முப்பதிலும் குங்குமம். ஊரே பூஜை போட்டு வழியனுப்பியிருக்கிறது! நாலு மணிக்கு எல்லாவற்றையும் அழிக்கப் போவதாக அதே சேல்ஸ்மேன் சொன்னார். மணி மூன்றேகால். எதுவென்று மாதப்பண்ணனுக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டே போனேன். பதினேழாவதில் மட்டிப்பால் வாசனை அடித்தது. பன்னிரண்டு வருடம் ஊதுபத்திக் கூடத்தில் ஓடிய கம்ப்யூட்டரின் ஃபேன் அல்லவா?

ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து, நான் முதலில் எழுதிக் கொடுத்த ப்ரோகிராமையே புதிய கம்ப்யூட்டரில் போட்டேன். பன்னிரண்டு வருட மெயிலும் வரிசையாக வந்து நின்றது. மலேசியா மெயிலைத் திறந்து காட்டினேன். மாதப்பண்ணன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் மனசு இளகிவிட்டது. அப்போது பாருங்கள், அவர் போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னாப்புலயே மெயிலெல்லாம் பத்திரமா இருக்குதுங்க! இங்க கடைக்கார அம்மணி ஒண்ணு வந்து பட்டனை அமுக்கிக் குடுத்துச்சு."

இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது இதுதான்: எந்த மெயில் ப்ரோகிராமையும் எந்தக் கம்ப்யூட்டரோடும் எப்படியாவது ஒத்துப்போக வைத்துவிடலாம், பெங்களூரில் ஒரு மாப்பிள்ளை இல்லாமலிருந்தால்.