வெர்னா உட்கார்ந்த இடம்

கல்யாணமான நாள் முதல் அந்த ஊர்க் குழுவின் வியர்வை நாறும் சட்டைகளைத் துவைத்துப் போட்டவள் வெர்னா. ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. புருஷன் ஸ்டான் குழுவின் பயிற்சியாளன். அக்டோபரில் ஆட்ட அரங்கத்தில் பனித்தரை போட்டால் மார்ச் வரைக்கும் வீடு அவனுக்குச் சாப்பிட்டுப் போகிற இடம். கனடாவின் சஸ்காச்சுவன் பொட்டல்வெளியில் வேறென்னதான் இருக்கிறது, சொல்லுங்கள்! ஆனால் அவள் அம்மாவின் சவ அடக்கத்தன்றும் மனுஷன் பாதியில் எழுந்து ஆட்டத்துக்குப் போனான். அதை எந்தப் பெண்ணால் மறக்க முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அரங்கத்துக்குள் நுழைந்தாள். வீட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்து, "நான் போறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓடிவிட்டாள் என்று ஊர் பேசக் கூடாது. வெளியே தங்கை ஐரீன் காரை அணைக்காமல் காத்திருந்தாள். பனிப்புயல் வந்துகொண்டிருந்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டால் இன்றைக்குப் போக முடியாது. நாளைக்கு இந்தத் தைரியம் இருக்காது.

ஆட்டம் கடைசிப் பகுதியில் இருந்தது. நம்மாட்கள் இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள். தோற்றால் இந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஸ்டான் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். முடியட்டும் என்று வரிசை நடுவே காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், கோல்!

காத்திருந்தால் ஆகாது என்று எழுந்தாள். பக்கத்திலிருந்த தபால்காரர் மெல் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு தாயி! நீ வந்து உக்காந்ததும்தானே கோல் விழுந்துச்சு!"

"எனக்கு அவசரம் மெல். வழி விடுங்க."

"அவசரமாம்ல! இத்தனை வருஷமா எங்க போயிருந்தியாம்?" என்றாள் பின்வரிசையிலிருந்த பேக்கரிக்கார லொரெய்ன். "அசையாத. கோட்டைக் கழட்டிராத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டு பக்கமும் முழங்கால்கள் வழியை அடைத்துக்கொண்டன. ஜெயிக்கிறவரை ராசி பார்த்துத் தாடி மழிக்காத, காலுறை மாற்றாத கூட்டம். இதனிடம் போய் என்ன நியாயம் பேசுவது? வெளியே ஐரீன் ஹாரனை நீளமாக அடித்தாள். வெர்னாவுக்கு அழுகையாக வந்தது. இரண்டாவது கோல் விழுந்தது. யாரோ அவள் தலையில் முத்தம் கொடுத்தார்கள். கடைசி நிமிஷத்தில் மூன்றாவதும் விழுந்து, ஊரே ஜெயித்துவிட்டது.

ஸ்டான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தான். எத்தனையோ வருஷம் கழித்து அவளைப் பார்த்து அவன் முகம் மலர்ந்திருந்தது. கோட்டுப் பைக்குள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆதரவாக ஒரு வார்த்தை கேட்டால் இருந்துவிடுவோமோ என்று பயந்தாள்.

"மெல் சொன்னாரு! ஞாயித்துக்கிழமை இதே சீட்டு, இதே கோட்டு. மறந்துராத, என்ன?"

"கோட்டுதானே வேணும்?"

கழற்றி, மடித்து, இருக்கைமேல் வைத்தாள்.

"இந்தா, சீட்டும் இருக்கு, கோட்டும் இருக்கு. வீட்டுச் சாவி கோட்டுப் பையில. நான் போறேன், ஸ்டான். திரும்ப வரமாட்டேன்."

வாசலை அடையும்போது அவன் குரல் கேட்டது: "யாரும் அந்தக் கோட்டைத் தொடாதீங்கப்பா!"

ஸ்வெட்டரோடு பனியில் ஓடினாள்.

"ரோட்டை இன்னும் மூடலை, ஏறுக்கா!" என்றாள் ஐரீன். "ஐயோ, இந்தக் குளிர்ல கோட்டு எங்க?"

"அவங்களுக்கு அது போதுமாம்," என்று வெர்னா கதவைச் சாத்தினாள்.