கையெழுத்து மட்டும்

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஞாயிறு மதியம் நடந்த முதியோர் கல்வி வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கல்வியின் பெருமையைச் சொல்லும் பழமொழி ஒன்றை வாராவாரம் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அவர்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்ததும், எல்லோருக்கும் கையெழுத்துப் போட மட்டும் பழக்கினேன். அவர் பார்க்கப்போவது அதைத்தான். கணவனை இழந்து, அப்பா விட்டுப்போன வீட்டில் தம்பியோடு இருந்த ஒருத்திக்கு மட்டும் அது போதவில்லை.

“படிக்கவும் சொல்லிக் குடுங்கமா.”

“முதல்ல இது வரட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

கோலம் போடுவதுபோலத் தன் பெயரை வரைந்து வரைந்து பழகினாள். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். மறுமாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. வகுப்பை நிறுத்திவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு பத்திர நகலை எடுத்து நீட்டினாள்.

“தம்பி வீட்ட காலி பண்ணச் சொல்றான்மா. இதுல என்னதான் எழுதியிருக்குது?”

வீட்டில் தனக்குள்ள பாகத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தது. கீழே, நான் பழக்கிய கையெழுத்து.

“உனக்கு யாரும் படிச்சுக் காட்டலையா?”

“பத்திர ஆபீஸ்ல எனக்கு முன்னாடி கைநாட்டு வெச்ச ஒரு கிழவிக்குப் படிச்சுக் காட்டினாங்கமா. நான் கையெழுத்து போட்டேன் இல்ல, படிக்கத் தெரியும்னு நெனச்சிக்கினாங்க. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு. வீட்டு வரிக்குன்னு தம்பி சொன்னான், போட்டுட்டேன்.”

அன்று சாயங்காலமே அவளோடு போய்த் தம்பியைப் பார்த்தேன். நாற்காலி எடுத்துப் போட்டு, மரியாதையாகவே பேசினான்.

“அக்கா தன் கையால போட்டது டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?”

நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். தெருவுக்கு வந்ததும், “இப்பவாவது படிக்கச் சொல்லித் தரேன்” என்றேன்.

“இனிமே எதப் படிக்கப் போறேன்மா?” கோபமில்லாமல்தான் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

வக்கீல் ஒருவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. அடுத்த வாரம் அவள் மாகறலில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். மாற்றலாகிக் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பும்வரை நான் ஒருமுறையும் அங்கே போகவில்லை.