அளவு மட்டும் எடுத்த தெரு

எங்கள் தெருவில் நாற்பது தாண்டிய அத்தனை பேருடைய இடுப்புச் சுற்றளவும் எனக்கு மனப்பாடம். இப்படி ஒரு பெருமை எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள். பீளமேட்டில் மூடிப்போன மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில், வருஷத்துக்கு ஒரு தடவை டேப்பும் பிரஷர் மெஷினும் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியவள் நான்.

அதற்கு முன்னால் அந்த மில்லிலேயே நூலைக் கோனில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தேன். மில் மூடிய பிறகு சும்மா இருந்த நாளில், ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கென்று ஒரு டாக்டரம்மா வந்தார். இந்தத் தெருவில் எல்லாரோடும் பேசுகிற ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். அத்தனை கையும் என் வாசலைக் காட்டியிருக்கிறது. படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். பிரஷர் பார்க்க ரெண்டே நாளில் கற்றுக்கொண்டேன்.

என்ன ஆராய்ச்சி என்று டாக்டரம்மா எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இடுப்பு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்தத்தில் இருக்கிற கெட்ட கொழுப்பு ஒன்று, நல்ல கொழுப்பு ஒன்று. இந்த ஐந்தில் மூன்று கோணலாக இருந்தால் அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பேர். சர்க்கரை நோய்க்கும் நெஞ்சு வலிக்கும் அதுதான் வாசல். இந்தப் பேரைத் தெருவில் போய்ச் சொன்னால் யார் வாயில் நுழையும்? நான் இப்படிச் சொன்னேன்: "நோவு இன்னும் ஊட்டுக்குள்ள வரலீங்க. வாசல்ல நின்னு செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்குதுங்க." டாக்டரம்மா சிரித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு டாக்டர் எழுதிக்கொண்டார் என்று ஒரு வாரம் மிதந்தேன்.

ஜனங்கள் பேசுகிற பேச்சை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு முன்பிருந்தே உண்டு. ஆராய்ச்சிக்காக அலைந்த இரண்டு வருஷத்தில் ஒரு டைரி நிரம்பியது. டேப்பை எடுத்தாலே ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர், "ஏனுங், கோட்டு சூட்டு தைக்கறதுக்குங்களா? எப்பங்க கிடைக்கும்?" என்பார். இன்னொரு அம்மா, "இரு கண்ணு, மூச்சை இழுத்துப் புடிச்சுக்கறேன், அப்பறம் அள" என்பார். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மா, டேப்புதானுங்க என்ற பொழப்பு. அதையும் நீங்க எடுத்துக்கிட்டா நான் ஊசி போடப் போயிருவேன்" என்பார்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதுதான் பெரிய பாடு. விடியற்காலம் கல்லூரியிலிருந்து வருகிற நர்ஸம்மாவோடு போவேன். வீடு தேடி வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் ரத்தம் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. வந்தவர் குடிக்கும்போது தான் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதும் மரியாதை இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணுமே சாப்புடுலீங், உங்ககூடக் காப்பி மட்டுந்தான்" என்று டம்ளரைக் கீழே வைப்பார்கள். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொள்வார். மறுநாள் மறுபடி போவோம். மறுபடி காப்பி வரும்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை. மில்லில் எனக்குப் பக்கத்து மெஷின். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அறுந்த நூலை முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்த கை. வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, மகள் திருப்பூரில். தெருவில் அக்கா ஒன்றைச் செய்தால் மற்றவர்களும் செய்வார்கள், அவ்வளவுதான் கணக்கு.

ஆராய்ச்சியில் சேர ஒரு ஒப்புதல் படிவம் உண்டு, மூன்று பக்கம். ஒவ்வொருவருக்கும் முழுசாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் வேலை. முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். இரண்டாம் பக்கம் பாதியில் அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

"போதும் அம்மணி. நீ கொண்டாந்த காயிதத்தை உன்ற முன்னால ஒக்காந்து வரி வரியாப் பாத்தா, உன்னை நம்புலீன்னு ஆயிராதா? எங்க போடோணும், அதைச் சொல்லு."

அக்காவுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். தெரிந்தவர் கொண்டுவந்த காகிதத்தை அவர் எதிரில் படித்துப் பார்த்தால் முகத்தில் அடித்த மாதிரி. எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது. அடுத்த வீட்டில், "அக்கா போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். மூன்றாவது வீட்டிலிருந்து நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொல்லிவிட்டேன்: "வந்து அளப்பாங்க, ரத்தம் பாப்பாங்க, கோளாறு இருந்தா என்ன பண்றதுன்னு வழி சொல்லுவாங்க." தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி முடித்ததற்கு டாக்டரம்மா என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நானும் படிக்கவில்லை.

முதல் சுற்று முடிந்து ஆளுக்கு ஒரு சீட்டு வந்தது. அதில் வெறும் எண்கள். அக்காவுக்கு இடுப்பும் பிரஷரும் கூடுதல், சர்க்கரை எல்லைக்கோட்டில். "என்ன பண்ணோணும்ங்கறாங்க?" என்று அக்கா கேட்டார். நான் போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். சாப்பாட்டு வகுப்பு, நடைப்பயிற்சி எல்லாம் ஆராய்ச்சியில் உண்டு என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு எப்போது?

"வரும்க்கா. முதல்ல அளவெல்லாம் முடியட்டும்."

இரண்டாம் சுற்றிலும் கேட்டேன். "வரும்க்கா." நானும் அந்த "வரும்" என்பதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் கிண்டலே பண்ணினார்: "உன்ற டாக்டரம்மா பஸ்ஸுல வாராங்களா, கொடுமுடியிலிருந்து அத்தனை தூரம் நடந்தே வாராங்களா அம்மணி?" அவரோடு சண்டை போட்டேன். படித்தவர்கள் ஒன்றைச் சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்றேன்.

மூன்றாம் சுற்று முடிந்த மாசம், அக்கா காய்கறிப் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றவர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். தாடை வலிக்கிறது என்றார். வாயு என்று நினைத்து யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஓடிப்போய் ஆட்டோவில் ஏற்றினேன். நெஞ்சுக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

வார்டுக்கு வந்த இதய டாக்டர் முன்னால் ஏதாவது டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அக்கா மூன்று சீட்டையும் மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே வந்திருக்கே. பிரஷருக்கு மாத்திரை யாரும் ஆரம்பிக்கலையா?"

"ஆராய்ச்சியில இருக்காங்க டாக்டர்," என்றேன் நான். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த மாசம் கல்லூரியில் ஒரு கூட்டம். இதுவரை கிடைத்த முடிவுகளைச் சொல்கிறோம், நீங்களும் வாங்கக்கா என்று டாக்டரம்மா கூப்பிட்டார். இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். ஏசி ஹால், பெரிய திரை. பேச்செல்லாம் இங்கிலீஷ். நடுவில் டாக்டரம்மா நான் சொன்ன செருப்புப் பேச்சைத் தமிழிலேயே சொல்லி, என்னைக் கை காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

பிறகு திரையில் இரண்டு கோடுகள் வந்தன. நீலக்கோடு கீழே இறங்கியது, சிவப்புக்கோடு மேலே ஏறியது. கோடு பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை. நூல் எங்கே அறும் என்று கோனைப் பார்த்தே சொன்னவள் நான். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை டாக்டரம்மா சந்தோஷமாகக் காட்டினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்து ஒரு வரைபடம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத் தெரு நீலத்தில். எங்கள் மில் புகைபோக்கியும் அதை ஒட்டிய லைன் வீடுகளும் சிவப்பில்.

கூட்டம் முடிந்து நடைபாதையில் டாக்டரம்மாவை நிறுத்தினேன்.

"எங்க தெரு ஏனுங்க மேல போகுது?"

"அக்கா, ஒப்பிட்டுப் பாக்க ஒரு தெரு வேணும். இல்லைன்னா எங்க வகுப்பாலதான் குறைஞ்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? ரெண்டு தெரு பேரையும் எழுதிக் குலுக்கிப் போட்டோம். அந்தத் தெருவுக்கு வகுப்பு விழுந்துச்சு, உங்க தெருவுல அளவு மட்டும்."

"வரும் வரும்னீங்களே?"

"வரும்க்கா. ஆராய்ச்சி முடிஞ்சதும் உங்களுக்கும் நடத்துவோம். நான் பொய் சொல்லலையே." கூடவே, "ஃபார்ம்ல எல்லாம் இருக்கு. நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க," என்றார்.

எதிர்வீட்டு அக்காவுக்கு நெஞ்சடைப்பு வந்ததைச் சொன்னேன். அவர் முகம் உண்மையாகவே வாடியது. கெட்ட மனுஷி என்றால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கடைசிச் சுற்று ஒண்ணுதான் பாக்கி. அதுவரைக்கும் தெருவுல சொல்லாதீங்கக்கா. தெரிஞ்சா அவங்களா ஏதாவது மாத்திக்குவாங்க. இத்தனை நாள் உங்க உழைப்பும் வீணாயிடும்."

என் உழைப்பாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த படிவத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். சுத்தமான தமிழில், கொட்டை எழுத்தில் இருந்தது. 'ஒரு பகுதியினருக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகளும் மருத்துவக் கண்காணிப்பும் வழங்கப்படும். மற்றொரு பகுதியினரிடம் அளவுகள் மட்டுமே எடுக்கப்படும்.' ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. எட்டாவது படித்தவளுக்குத் தாராளமாகப் புரிகிற இரண்டு வரி.

கடைசிச் சுற்று வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்காக இல்லை. அக்கா முகத்தைப் பார்க்கப் பயம். ஆனால் இன்னும் ஒரு தடவை டேப்பை எடுத்துக்கொண்டு அக்கா எதிரில் நிற்க முடியாது என்று தோன்றியது. அந்தச் சாயங்காலமே எதிர்வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், சிவப்புக்கோடு, மூன்றாம் பக்கம், நான் கைதட்டியது உட்பட.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் முடித்ததும் முறத்தை நகர்த்தி வைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தத் தெருவுல என்ன சொல்லிக் குடுத்தாங்களாம்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆராய்ச்சியில் இருந்தவளுக்கு அது தெரியவில்லை.

மறுநாள் காலை ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குப் போனேன். முதல் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் உள்ளே கூட்டிப்போய் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"இதானுங்க. சோத்தைப் பாதியாக் குறைச்சு காயை ரெட்டிப்பாப் போடச் சொன்னாங்க. ஒரு மாசத்து எண்ணெயை அளந்து ஒரே பாட்டில்ல ஊத்திக்கோணும், தீந்தா தீந்ததுதான். சாயங்காலம் அரைமணி நேரம் நடக்கோணும். தெருவே கும்பலா நடக்கறமுங்க, ஊர் வம்பெல்லாம் அதுலதான். எனக்கு பிரஷர் இருந்துச்சு, சீட்டு எழுதிக் குடுத்தாங்க, தர்ம ஆஸ்பத்திரியிலயே மாத்திரை தராங்க. ஏனுங், உங்க தெருவுக்கு வரலீங்களா?"

"வருமுங்க," என்றேன். வாய் பழகிவிட்டது.

திரும்பி வந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"இவ்வளவுதானுங்க்கா."

"இதையா ரெண்டு வருஷம் சொல்லாம வெச்சிருந்தாங்க?"

நான் டாக்டரம்மாவைத் திட்ட ஆரம்பித்தேன். படித்த திமிர், நம்மையெல்லாம் எண்களாகப் பார்க்கிற புத்தி என்று வாய்க்கு வந்ததெல்லாம். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் பிறகு. "நான் கையெழுத்துப் போட்டது உனக்கு."

குரல் உயரவில்லை. காப்பி வைக்கட்டுமா என்றுகூடக் கேட்டார். நான் வேண்டாம் என்று எழுந்து வந்தேன்.

பையையும் டேப்பையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மூன்றாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். சிலர் திட்டினார்கள். சிலர், "போவுது உடு அம்மணி, உனக்கென்ன தெரியும்" என்றார்கள். அது திட்டை விட மோசமாக இருந்தது.

அக்கா இப்போது மாசாமாசம் மாத்திரை வாங்கத் தனியாகத்தான் பஸ் ஏறுகிறார். ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் நகர மாட்டேன் என்று நிற்கிறாராம். மருந்து கொடுக்கிறவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் உரக்கப் படிக்க வேண்டும். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுத்தாலும் சரி, அக்கா இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாராம். திருப்பூரிலிருந்து வந்த மகள்தான் இதைச் சொல்லிச் சிரித்தாள். படித்துக் காட்டுவதையே வேலையாக வைத்திருந்த நான் எதிர்வீட்டில்தான் இருக்கிறேன். இதுவரைக்கும் ஒரு சீட்டைக்கூட என்னிடம் நீட்டியதில்லை.