காது போன யேமாவுக்குக் கேட்ட அழுகை

இதை நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். தகரப் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். நான் கல் உடைக்கிறவன். கதை கட்ட உடம்பில் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சியரா லியோனில் எங்கள் பக்கம் காட்டை எரித்து வயலாக்கும் மாதங்களில் எலிகள் வீட்டுக்குள் வந்துவிடும். எலியிடமிருந்து வரும் லாசா காய்ச்சல் அந்த வருடம் என் மனைவி யேமாவைப் பிடித்தது. எட்டு மாதக் கர்ப்பம். நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே விடவில்லை, வேலியோரம் நின்றேன். இரண்டு தாளில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைக்கச் சொன்னார்கள். ஒன்றை என்னிடமே தந்தார்கள். எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. என்னவென்று கேட்கவும் இல்லை. அவள் பிழைத்தால் போதும் என்று அமுக்கினேன்.

பிழைத்தாள். அங்கே பிறந்த மகன் சாஃபாவும் பிழைத்தான். ஆனால் யேமாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. தூக்கமே கிடையாது, சுவரைப் பார்த்து அழுவாள். சாஃபா அலறினாலும் திரும்ப மாட்டாள். கேட்டால்தானே? ஆனால் யாருமே அழாத நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து, வலது பக்கத்திலிருந்து எதையோ அள்ளி மடியில் போட்டுக்கொள்வாள்.

துணைக்கு வந்திருந்த அவளுடைய அக்கா பைந்து ஒருநாள் குவாரிக்கே வந்துவிட்டாள்.

“லான்சனா, கல்லோட கெடந்து கெடந்து நீயும் கல்லாயிட்ட. புள்ள வலது மார்ல வாயே வைக்க மாட்டேங்குறான். ஆனா பால் கட்டல. தினமும் வத்திக் கெடக்கு. யாரு குடிக்கிறா?”

தங்கை இருக்கிற இருப்பில் பிள்ளையை அமுக்கிக் கொன்றுவிடுவாள், சாஃபாவைத் தன் ஊருக்குத் தூக்கிப் போகிறேன் என்றாள். இரண்டு மணிக்கு மோட்டார் பைக் வரும். யேமாவிடமிருந்து பிடுங்கித் தர வேண்டியது நான். பிடுங்கினால் யேமா மிஞ்ச மாட்டாள் என்று தெரியும். இருந்தும் தலையாட்டினேன்.

வீட்டை அடைந்தபோது செல்போனில் மணி 1.38. பைந்து வாசலிலேயே நின்றுகொண்டாள். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே மட்டும் சில்லென்று... ஈர மண் வாசனை. மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

சாஃபா பாயில் விழித்துக் கிடந்தான். சத்தமே இல்லை. தாயின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யேமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையில் மடித்த துணி. வெறும் துணி.

சப்... சப்... சப்...

கிட்டே போனேன். துணியின் நடுவில் ஒரு குழிவு. எடை வைத்து அழுத்தியதுபோல.

1.40.

சப்புகிற சத்தம் நின்றது. யேமா தலையைத் தூக்கினாள்.

“மெதுவா வாங்க. இப்பத்தான் அடங்குனா, உங்க பொண்ணு. அவனுக்குக் குடுத்தா இவளுக்கும் குடுக்கணும்ல?”

துணிக்குள் கையை விட்டேன்.

ஈரம். குளிர்.

ஏதோ... என் கட்டைவிரலைப் பிடித்தது.

சின்னச் சின்ன விரல்கள்.

பிறகு அழுகை.

எனக்கும் கேட்டது.

பைக்கைத் திருப்பி அனுப்பினேன். பைந்து வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசிக்கொண்டே எங்களோடு தங்கிவிட்டாள். மருந்தும் கஞ்சியும் பக்கத்தில் ஆளுமாக ஒரு வருடம் போனபின் யேமா எழுந்து நடந்தாள். காது திரும்பவில்லை.

நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தேன். போன மாதம் தகரப் பெட்டியைக் குடைந்தபோது அந்தத் தாள் கிடைத்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்.

பிறந்தவை இரண்டு. ஆண், உயிருடன். பெண், உயிர் இல்லை. நேரம் பகல் 1.40. ஆஸ்பத்திரியே அடக்கம் செய்யத் தகப்பன் சம்மதம்.

எங்கள் வழக்கத்தில் இரட்டையில் ஒன்று போய்விட்டால், இருப்பதற்குக் கொடுக்கும் எல்லாவற்றிலும் அதற்கும் பங்கு வைக்க வேண்டும். நாங்கள் யாரும் வைக்கவில்லை. பிறந்தது இரட்டை என்றே எங்களுக்குத் தெரியாது. நினைவில்லாமல் கிடந்து பெற்ற யேமாவுக்கு யார் சொன்னது?

தாளின் அடியில் நீல மையில் ஒரு கைரேகை.

என் கட்டைவிரல். அன்று மகள் பிடித்த அதே விரல்.